எழுத்தில் கேளுங்கள்: போலீசாரிடமும் ஊராட்சி மன்றத்திடமும் பத்திரிகையிடமும் பதில் பெறும் முறை

நம் மலேசியத் தமிழ் நாளிதழ்களைப் படிப்பவர்களுக்கு ஒரு படம் மிகவும் பழக்கமானது. நடுவில் கண் கலங்கிய தாய் ஒருவர் போலீஸ் புகாரின் நகலை நெஞ்சுக்கு நேரே பிடித்திருப்பார். அவரைச் சுற்றிக் கட்சிப் பொறுப்பாளர்களும் சங்கத் தலைவர்களும் நிற்பார்கள். படம் வெளியாகும் நாளில் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்கள் கொதிக்கும். இரண்டு மாதம் கழித்து அந்தப் புகார் என்ன ஆனது என்று எவரும் எழுதுவதில்லை. அதை எழுதுவதற்கு எந்த ஆவணமும் யாரிடமும் இருப்பதில்லை என்பதே பெரும்பாலும் உண்மையான காரணம்.

மலேசியச் சட்டம் அதிகாரிகளுக்குப் பல இடங்களில் கால வரம்பு விதித்திருக்கிறது. ஆனால் அந்த வரம்புகளில் பலவும் நாம் எழுத்தில் கேட்ட நாளிலிருந்துதான் எண்ணப்படுகின்றன. வாய்மொழியாகக் கெஞ்சியதற்கும், ஒய்.பி. (நம் சட்டமன்ற அல்லது நாடாளுமன்ற உறுப்பினர்) தொலைபேசியில் பேசியதற்கும், நிலைய வாசலில் கூடி நின்றதற்கும் எந்தக் கால வரம்பும் இல்லை. ஆகவே இந்த வழிகாட்டியில் வரும் ஒவ்வொரு படியிலும், தேதியும் எண்ணும் பெயரும் உள்ள ஒரு தாள் உங்கள் கையில் மிஞ்ச வேண்டும் என்பதே குறிக்கோள். பினாங்கில் வாழும் ஒருவரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். கூட்டரசுச் சட்டங்கள் குறித்த பகுதிகள் கோலாலம்பூருக்கும் பொருந்தும்.

புகாரும் அதன் பிறகும்

போலீஸ் புகாரை எந்த நிலையத்திலும் செய்யலாம். சம்பவம் பட்டர்வொர்த்தில் நடந்திருந்தாலும் ஜார்ஜ்டவுன் நிலையத்தில் அதை ஏற்றுக்கொண்டு உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். "இது எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்புவது சரியன்று. புகாரை மலாயில் தட்டச்சு செய்பவர் முகப்பில் இருக்கும் போலீஸ்காரர், அதைத் தமிழில் சொல்பவர் நம் பெரியவர். இந்த இடைவெளியில்தான் பாதி வழக்குகள் கெட்டுப்போகின்றன. எனவே நிலையத்துக்குச் செல்லும் முன்பே மலாயில் ஒரு பக்கத்துக்கு மிகாமல் வரைவு எழுதிக்கொள்ள வேண்டும்: நாள், நேரம், இடம், அங்கிருந்தவர்கள், வாகன எண், சீருடையில் தெரிந்த பெயரும் எண்ணும், சொல்லப்பட்ட சொற்கள். நேரில் கண்டதையும் சந்தேகிப்பதையும் தனித்தனிப் பத்தியாக எழுதுங்கள். இரண்டையும் கலந்தால் பின்னர் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு முழுப் புகாரையும் உதறிவிடுவார். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஆம் பிரிவின்படி எழுதப்பட்ட புகாரை உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். படித்துக் காட்டிய பிறகே கையொப்பமிடுங்கள். தவறு இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். நகல் இல்லாமல் வெளியேறாதீர்கள். பொய்ப் புகார் தண்டனைக்குரிய குற்றம் என்பதால் கோபத்தில் எதையும் கூட்டிச் சொல்ல வேண்டாம்.

அடுத்து விசாரணை அதிகாரியின், அதாவது எல்லோரும் ஐ.ஓ. என்று சொல்பவரின், பெயரையும் தொலைபேசி எண்ணையும் பெற வேண்டும். இதன் பிறகு பெரும்பாலோர் காத்திருக்கிறார்கள். காத்திருக்கத் தேவையில்லை என்பதைத் தெரிந்தவர்கள் குறைவு. அதே சட்டத்தின் 107ஏ பிரிவு, புகார் கொடுத்தவருக்கு விசாரணையின் நிலையைக் கேட்டறியும் உரிமையைத் தருகிறது. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றமாக இருந்து, புகார் கொடுத்து நான்கு வாரங்கள் கடந்திருந்தால், நீங்கள் கேட்ட நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் நிலையப் பொறுப்பதிகாரி நிலை அறிக்கை தர வேண்டும். தராவிட்டால் அந்தத் தவறுதலை அரசுத் தரப்பு வழக்கறிஞருக்கு நீங்கள் நேரடியாக எழுதலாம். அறிக்கையில் விசாரணையைப் பாதிக்கும் விவரம் இருக்காது. பல நேரங்களில் "விசாரணை தொடர்கிறது" என்ற ஒரு வரிதான் வரும். அந்த ஒரு வரியையும் இகழ வேண்டாம். பிற்காலத்தில் கோப்பு காணாமல் போய்விட்டது என்றோ, புகார் எப்போதோ மூடப்பட்டுவிட்டது என்றோ சொல்லப்படும்போது அந்தத் தாள்தான் பேசும். கோரிக்கையை இரண்டு பிரதியாக எடுத்துச் சென்று, ஒன்றில் நிலைய முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்ளுங்கள். முத்திரையிட மறுத்தால் பதிவு அஞ்சலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

கைது செய்யப்பட்டால்

சாதாரண உடையில் ஒருவர் நிறுத்தினால் அவருடைய அதிகார அட்டையைக் காட்டச் சொல்லலாம். நீல நிற அட்டை இன்ஸ்பெக்டரும் அதற்கு மேற்பட்டவரும் வைத்திருப்பது, மஞ்சள் அதற்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு, வெள்ளை ரிசர்வ் போலீசாருக்கு. சிவப்பு அட்டை என்றால் அவர் பணி இடைநீக்கம் செய்யப்பட்டவர். பெண்ணின் உடலைப் பெண் போலீஸ்தான் சோதனையிடலாம். பொது இடத்தில் நடப்பதைக் கைப்பேசியில் பதிவு செய்ய நேர்ந்தால் தள்ளி நின்று, குறுக்கே போகாமல், வாய்ச்சண்டை இல்லாமல் செய்யுங்கள். பணியைத் தடுத்ததாகக் குற்றவியல் சட்டம் 186ஆம் பிரிவில் குற்றஞ்சாட்டப்பட்டால் உங்கள் காணொளியைவிட உங்கள் வழக்கே பெரிதாகிவிடும்.

கைதுக்கான காரணத்தை அறியவும், விரும்பிய வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கவும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்தப்படவும் கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆவது விதி உரிமை தருகிறது. விசாரணையைத் தொடங்கும் முன் உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்கவும் வழக்கறிஞரை அழைக்கவும் வாய்ப்பளிக்க வேண்டும் என்று நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு கூறுகிறது. இதை மறுக்கச் சில காரணங்களைச் சட்டம் அனுமதித்தாலும், துணை சூப்பரிண்டெண்டன் பதவிக்குக் குறையாத அதிகாரிதான் அந்த முடிவை எடுக்க முடியும், காரணத்தையும் பதிவு செய்ய வேண்டும். ஆகவே வாசலில் நிற்கும் குடும்பத்தினர் "ஏன் பார்க்க விடவில்லை" என்று கேட்பதைவிட "மறுத்த அதிகாரி யார், எந்தப் பதவி, காரணம் எங்கே பதிவாகியிருக்கிறது" என்று கேட்பது நல்லது. இந்த உரிமை எளிதாக வந்ததன்று. 2009 மே மாதம் பிரிக்பீல்ட்ஸ் நிலையத்தில் கைதாகியிருந்தவர்களைக் காணச் சென்ற சட்ட உதவி வழக்கறிஞர்கள் ஐவரே கைது செய்யப்பட்டு, பிறகு மனித உரிமை ஆணையமான சுஹாகாம் அதைப் பொது விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

தடுப்புக் காவல் ஆணைக்காக மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்தப்படும் அந்தச் சில நிமிடங்களே மிக முக்கியமானவை. நடைமுறைச் சட்டத்தின் 117ஆம் பிரிவின்படி, 14 ஆண்டுக்குக் குறைந்த சிறைத்தண்டனைக்குரிய குற்றமானால் முதல் முறை அதிகபட்சம் 4 நாள், இரண்டாம் முறை 3 நாள். அதற்கு மேற்பட்ட குற்றமானால் 7 நாளும் மீண்டும் 7 நாளும். தேசியச் சட்ட உதவி அறநிறுவனத்தின் வழக்கறிஞர் இந்தக் கட்டத்தில் மலேசியக் குடிமக்களுக்குக் கட்டணமின்றி வாதாடுவார். வேண்டும் என்று மாஜிஸ்ட்ரேட்டிடமே சொல்லலாம். அடிபட்டிருந்தால் சட்டையைத் தூக்கிக் காயத்தைக் காட்டிச் சொல்ல வேண்டிய இடமும் இதுதான், ஏனெனில் அங்கே சொன்னது நீதிமன்றக் குறிப்பில் ஏறுகிறது. லோக்கப்புக்குத் திரும்பிய பிறகு அடி இன்னும் விழும் என்ற அச்சத்தில் பலர் வாய் திறப்பதில்லை என்பதை அறிவேன். அதனால்தான் வழக்கறிஞர் உடனிருப்பது அவசியம். நான்கு நாள் முடிந்து விடுவித்த வாசலிலேயே வேறு மாவட்டப் போலீசார் மீண்டும் கைது செய்யும் சங்கிலிக் காவலும் நம் இளைஞர்களுக்குப் பழகியதே. ஒவ்வொரு ஆணையின் தேதியையும் மாவட்டத்தையும் குறித்து வைத்தால்தான் அடுத்த மாஜிஸ்ட்ரேட்டிடம் வழக்கறிஞர் அதை எடுத்துக்காட்ட முடியும்.

2012ஆம் ஆண்டின் சோஸ்மா சட்டத்தில், அதாவது பாதுகாப்புக் குற்றங்களுக்கான சிறப்பு நடவடிக்கைச் சட்டத்தில், கைதானால் கணக்கு வேறு. மாஜிஸ்ட்ரேட் ஆணையின்றியே 28 நாள் வரை காவலை நீட்டிக்கலாம், வழக்கறிஞரைச் சந்திப்பதை 48 மணி நேரம் தள்ளிப்போடலாம். குண்டர் கும்பல் என்ற பெயரில் நடக்கும் கைதுகளில் இச்சட்டம் வருவதால், எந்தச் சட்டத்தின் கீழ் பிடித்தார்கள் என்பதைக் குடும்பத்தினர் முதல் கேள்வியாகக் கேட்க வேண்டும்.

போலீசார் சாட்சியாக அழைத்தால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 111ஆம் பிரிவின்படி எழுத்துப்பூர்வ ஆணை கேட்கலாம். 112ஆம் பிரிவில் வாக்குமூலம் கொடுக்கும்போது, உங்களையே குற்றத்தில் சிக்கவைக்கும் கேள்விக்குப் பதிலளிக்க மறுக்கலாம். படித்துக் காட்டாத வாக்குமூலத்தில் கையொப்பம் வேண்டாம்.

போலீசாருக்கு எதிராக எங்கே முறையிடுவது

மூன்று இடங்கள் உண்டு. போலீஸ் தலைமையகமான புக்கிட் அமானின் நேர்மை மற்றும் தர இணக்கத் துறை, போலீசார் தங்களைத் தாங்களே விசாரிக்கும் அமைப்பு. வேகம் வேண்டுமானால் அதற்கு எழுதலாம். நம்பிக்கை முழுவதையும் அங்கே வைக்க முடியாது.

இரண்டாவது, சுயேச்சைப் போலீஸ் நடத்தை ஆணையம். இதன் பின்னணியைத் தெரிந்துகொண்டால் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பது விளங்கும். முன்னாள் தலைமை நீதிபதி துன் முகமட் சைடின் அப்துல்லா தலைமையிலான அரச ஆணையம் 2005இல் 125 பரிந்துரைகளை அளித்தது. அவற்றுள் முதன்மையானது, தவறு செய்த போலீசாரை நேரடியாகத் தண்டிக்கும் அதிகாரமுடைய சுயேச்சை ஆணையம். 17 ஆண்டு இழுபறிக்குப் பின் 2022இல் நிறைவேறி, 2023 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டமோ விசாரித்துப் பரிந்துரைக்கும் அதிகாரத்தை மட்டுமே தந்தது. ஒழுங்கு நடவடிக்கை போலீஸ் படை ஆணையத்தின் கையிலேயே இருக்கிறது. கேட்டது ஒன்று, கிடைத்தது வேறொன்று. இருந்தாலும் அங்கே முறையீடு செய்வதைத் தவிர்க்காதீர்கள். அவர்கள் தரும் முறையீட்டு எண்ணும், விசாரித்து எழுதும் பதிலும் பின்னர் உரிமையியல் வழக்கில் பயன்படும். அவர்களுடைய முடிவுக்காக மற்றக் காரியங்களை நிறுத்தி வைக்க மட்டும் வேண்டாம்.

மூன்றாவது சுஹாகாம். 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இந்த ஆணையம், நீதிமன்றத்தில் நிலுவையிலிருக்கும் விவகாரத்தை விசாரிக்க முடியாது. ஆகவே வழக்குப் போடும் முன்னரே இங்கு எழுதிவிட வேண்டும். வரிசை மாறினால் இந்தக் கதவு மூடிவிடும். இதன் முடிவுகள் யாரையும் கட்டுப்படுத்தாது என்று சிலர் அலட்சியப்படுத்துவர். சமூக ஆர்வலர் அம்ரி சே மாட், போதகர் ரேமண்ட் கோ ஆகியோர் காணாமற்போனதில் போலீஸ் சிறப்புப் பிரிவுக்குத் தொடர்புண்டு என்று 2019 ஏப்ரலில் சுஹாகாம் அறிவித்தது. யாரும் உடனே தண்டிக்கப்படவில்லை. ஆனால் குடும்பத்தினர் நீதிமன்றம் சென்றனர். 2025 நவம்பரில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் அரசையும் போலீசாரையும் பொறுப்பாக்கித் தீர்ப்பளித்தது.

காவலில் மரணம் நேர்ந்தால், தகவல் வந்த அந்த மணி நேரமே வழக்கறிஞரை அழைக்க வேண்டும். துக்கத்தில் எதிலும் கையொப்பமிடாதீர்கள், அவசரமாகத் தகனம் செய்யாதீர்கள். காவல் மரணங்களில் மாஜிஸ்ட்ரேட்டுக்கு உடனே தெரிவித்து மரண விசாரணை நடத்த வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 334ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. முதல் சவப்பரிசோதனையில் ஐயம் இருந்தால் இரண்டாவது பரிசோதனையை வழக்கறிஞர் மூலம் கோருங்கள். ஏ. குகன் 2009 ஜனவரியில் சுபாங் ஜெயா தைப்பான் நிலையக் காவலில் இறந்தபோது, மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் நடந்த இரண்டாவது பரிசோதனையே உடலில் இருந்த காயங்களின் உண்மையை வெளிக்கொணர்ந்தது. அதன் மீது கட்டப்பட்ட வழக்கில்தான் 2013 ஜூனில் உயர் நீதிமன்றம் அவருடைய தாய்க்கு 801,700 ரிங்கிட் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. நாம் மதிக்க வேண்டியது அந்தத் தொகையைவிட அந்தத் தாய் நான்காண்டுகள் விடாமல் நின்றதைத்தான்.

ஒரு கால வரம்பு நமக்கே எதிரானது. பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம் 1948இன்படி, அரசு அதிகாரிகள் மீது இழப்பீட்டு வழக்கைச் சம்பவம் நடந்த 36 மாதத்துக்குள் தொடுத்துவிட வேண்டும். ஆணையங்களின் பதிலுக்காகக் காத்திருந்தே இந்தக் காலத்தைக் கழித்துவிட்டவர்கள் உண்டு.

மன்றமும் மாநில அரசும்

பினாங்கில் ஊராட்சி உறுப்பினர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. மாநில அரசு நியமிக்கிறது. ஒரு காலத்தில் அப்படி இருக்கவில்லை. வாக்குரிமையோடு நடந்த மன்றத்தில் 1957இல் ஜார்ஜ்டவுனின் முதல் மேயராக அமர்ந்தவர் டி.எஸ். இராமநாதன், முன்பு ஸ்காட் சாலை என்றிருந்தது இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1965இல் ஊராட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டது. வாக்கு இல்லாத இடத்தில் ஆவணமே நம் கருவி.

ஊராட்சிச் சட்டம் 1976இன் 23ஆம் பிரிவின்படி, தீர்மானம் போட்டு மூடினால் ஒழிய மன்றத்தின் முழுக் கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்தது. குழுக் கூட்டங்களுக்கு இது பொருந்தாது. போய் உட்காரலாம். தெரிந்த முகம் பார்வையாளர் வரிசையில் இருப்பது உறுப்பினர்களின் பேச்சை எவ்வளவு கவனமாக்கும் என்பதை ஒருமுறை சென்றால் உணர்வீர்கள்.

பினாங்குத் தகவல் சுதந்திரச் சட்டம் 2015 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. மாநில இலாகாக்கள், மாநகர் மன்றங்கள் ஆகியவற்றின் ஆவணங்களை இதன்கீழ் விண்ணப்பித்துக் கேட்கலாம். கூட்டரசின் கீழ் வரும் போலீசுக்கு இது செல்லாது. கோலாலம்பூர்வாசிகளுக்கு இத்தகைய சட்டமே கிடையாது என்பதால் நாம் இதைப் பயன்படுத்தாமல் விடுவது வருத்தத்துக்குரியது. "இந்தக் கோயில் நிலத்தைப் பற்றிய எல்லாத் தகவலும் வேண்டும்" என்று கேட்டால் நிராகரிப்பது எளிது. "இன்ன எண்ணுள்ள நிலத்துக்கு இன்ன ஆண்டில் வழங்கிய திட்ட அனுமதிக் கடிதமும் அதன் நிபந்தனைகளும்" என்று குறிப்பிட்டுக் கேட்டால் நிராகரிக்கக் காரணம் தேட வேண்டியிருக்கும். நிராகரித்தால் அந்தக் கடிதத்தோடு உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் செல்லுங்கள். ஒய்.பி.யிடம் உதவி கேட்பதற்குப் பதிலாக, பினாங்குச் சட்டமன்றத்தில் கேட்க வேண்டிய கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிக் கொடுங்கள். அரிசி மூட்டை வழங்கும் படத்துக்கு நேரம் ஒதுக்குபவர் ஒரு கேள்விக்கும் ஒதுக்கலாம். கேட்டாரா இல்லையா என்பது அவைக்குறிப்பில் தெரிந்துவிடும். நுகர்வோர், நிலம், சுற்றுச்சூழல் விவகாரங்களில் 1969இல் தொடங்கிய பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்திடம் தமிழிலேயே பேசலாம். அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதும் கலையில் அவர்களுக்கு ஈடில்லை.

காப்பிக் காசு, அதாவது லஞ்சம், கேட்கப்பட்டால் ஊழல் தடுப்பு ஆணையத்துக்குத் தெரிவிப்பது விருப்பமன்று, கடமை. 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். அலுவலகத்துக்குள்ளிருந்து ஊழலை வெளிப்படுத்த விரும்புவோர் வரிசையில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். 2010ஆம் ஆண்டின் தகவல் தருபவர் பாதுகாப்புச் சட்டம், அமலாக்க அமைப்பிடம் சொன்னவரையே காக்கிறது; முதலில் நிருபரிடம் சொன்னவருக்கு அந்தக் காப்பு கிட்டாது.

பத்திரிகையை அழைப்பதும் பத்திரிகையைக் கேள்வி கேட்பதும்

இவ்வளவுக்கும் பிறகே நிருபரை அழையுங்கள். கண்ணீரோடு ஆவணங்களின் நகலையும், நாள்வரிசையில் எழுதிய ஒரு பக்கக் குறிப்பையும் கொடுங்கள். நிலை அறிக்கைக்கான இரண்டு வாரம் எந்தத் தேதியில் முடிகிறது என்பதைச் சொல்லி, அன்று மீண்டும் அழைப்பேன் என்று உறுதியாகச் சொல்லுங்கள். தொடர்செய்தி எழுத நிருபருக்கு ஒரு காரணம் வேண்டும். அந்தத் தேதியே காரணம்.

போலீஸ் அறிக்கையை அப்படியே நம்பி, குற்றஞ்சாட்டப்படாத இளைஞனைக் குண்டன் என்று நம் நாளிதழ்களே தலைப்பிடுவதும் உண்டு. அப்போது ஆசிரியரைத் தொலைபேசியில் ஏசுவதால் பயனில்லை. பக்கத்தை வெட்டி வையுங்கள், இணையப் பதிப்பைத் தேதி தெரியும்படி படமெடுங்கள். எந்த வரி தவறு, சரியான விவரம் என்ன, அதற்கான சான்று எது என்று எழுதி, அதே அளவு கண்ணில் படும் இடத்தில் திருத்தம் வெளியிடக் கோருங்கள். ஏழு நாள் கெடு கொடுங்கள். பதில் இல்லையென்றால், 2025ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்து அதே ஆண்டு ஜூனில் நடைமுறைக்கு வந்த மலேசிய ஊடக மன்றத்திடம் முறையிடலாம். புதிய அமைப்பு என்பதால் அதன் வலிமை இனிமேல்தான் தெரியும். வழக்கில் தொடர்புடைய சிறாரின் பெயரையோ படத்தையோ வெளியிட்டிருந்தால் அது சிறார் சட்டம் 2001இன் 15ஆம் பிரிவை மீறிய குற்றம். அதற்கு நேரே போலீஸ் புகாரே செய்யலாம்.

நீங்களே சமூக ஊடகத்தில் எழுதுவதாக இருந்தால், தொடர்பு மற்றும் பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவில் தண்டனை 2025 பிப்ரவரி முதல் கடுமையாக்கப்பட்டதையும், அவதூறு வழக்கையும் மனத்தில் கொள்ளுங்கள். "இந்த அதிகாரி லஞ்சம் வாங்கியவர்" என்பது நீங்கள் நிரூபிக்க வேண்டிய குற்றச்சாட்டு. "இன்ன தேதியில் நிலை அறிக்கை கேட்டேன், இரண்டு வாரம் கடந்தும் வரவில்லை, முத்திரையிட்ட கோரிக்கை இதோ" என்பது யாராலும் மறுக்க முடியாத தகவல். அதைப் பதிவேற்றும் முன் சாட்சிகளின் பெயர், அடையாள அட்டை எண், வீட்டு முகவரி ஆகியவற்றை மறைத்துவிடுங்கள். மூலப் பிரதியை வழக்கறிஞரிடமும் மற்றொரு நகலை வேறு வீட்டிலும் வையுங்கள்.